நிற்கிற வண்டிக்கும் செலவு உண்டு

நம்மூர் வீடுகளில் இரண்டாவது பைக்கைப் பெரும்பாலும் யாரும் தேடிப் போய் வாங்குவதில்லை. முதல் பைக்கை விற்காமல் விட்டதால் அது இரண்டாவதாக ஆகிவிடுகிறது. புது புல்லட் எடுக்கப் போன இடத்தில், பத்து வயது ஸ்ப்ளெண்டரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு 12,000, மிஞ்சிப்போனால் 15,000 என்பார்கள். ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிற, லிட்டருக்கு 60 கொடுக்கிற வண்டி. ‘இந்தக் காசுக்கு இது வீட்டிலேயே கிடக்கட்டும்’ என்று திரும்ப ஓட்டிக்கொண்டு வந்துவிடுவோம்.

அந்த முடிவு பெரும்பாலும் சரிதான். எங்கே அடிபட்டது, எப்போது இன்ஜின் பிரித்தது என்று எல்லாம் தெரிந்த வண்டியை 15,000-க்குக் கொடுத்துவிட்டு, அதே விலைக்கு அதே தரத்தில் இன்னொன்றை வெளியில் தேடினால் கிடைக்காது. சிக்கல் அதற்கப்புறம் வருகிறது. கிடக்கட்டும் என்று சொன்ன மாதிரியே அது கிடந்துவிடுகிறது. இரண்டு பைக் வைத்திருப்பது கட்டுப்படியாகுமா என்ற கேள்விக்கு, இரண்டில் எது எத்தனை நாள் அசையாமல் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும்.

ஓடுகிற வண்டியின் கணக்கை முதலில் போட்டுவிடலாம். புல்லட் 350 நகரத்துக்குள் லிட்டருக்கு 35, ஸ்ப்ளெண்டர் 60 என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் 101 ரூபாய் என்றால் புல்லட்டுக்குக் கிலோமீட்டருக்கு 2.89 ரூபாய் ஆகிறது, ஸ்ப்ளெண்டருக்கு 1.68. வித்தியாசம் ஏறக்குறைய 1.20. இனி ஸ்ப்ளெண்டரை வைத்துக்கொள்ள வருடத்துக்கு என்ன ஆகும்? 75 முதல் 150 சிசி வரையான வண்டிக்குத் தேர்ட் பார்ட்டி (அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான கட்டாயக் காப்பீடு) பிரீமியம் 714, ஜிஎஸ்டி சேர்த்து 843 ரூபாய். புகைச் சான்றிதழ், ஆயில், பேட்டரிக்கும் டயருக்கும் வருடப் பங்கு, வண்டியின் விலை இறக்கம் எல்லாம் சேர்த்து 6,000 என்று தாராளமாகவே போடலாம். அதை 1.20-ஆல் வகுத்தால் 5,000 கி.மீ. வருடத்தில் 300 நாள் வேலைக்குப் போகிறவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 17 கி.மீ. போக வர அதற்கு மேல் ஓடினால் ஸ்ப்ளெண்டர் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும். அதற்குக் கீழே என்றால் பெட்ரோல் மிச்சம் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம்.

தினம் 30 கி.மீ. போகிறவருக்குக்கூட இந்த வழியில் மிஞ்சுவது மாதம் 400 ரூபாய்தான். அதனால், இரண்டு வண்டிக்கு நியாயம் சொல்ல மைலேஜை மட்டும் பிடித்துத் தொங்குவதில் பொருளில்லை. 195 கிலோ வண்டியை விட்டுவிட்டு 112 கிலோ வண்டியில் ஆபீஸ் நேர டிராஃபிக்கில் நுழைந்து போவது, ஒன்று ஷெட்டில் நிற்கும்போது இன்னொன்று கைவசம் இருப்பது, பெரிய வண்டியின் டயரும் செயின் செட்டும் சிக்னல் சிக்னலாகத் தேயாமல் இருப்பது, இவைதான் உண்மையான வரவு.

திருப்பிப் போட்டுப் பார்த்தால் கணக்கு கசக்கும். தினசரிக்கு ஒரு கம்யூட்டர் பைக் ஏற்கெனவே இருக்கிறது, வருடத்தில் நாலு லாங் ரைடுக்காகப் பெரிய வண்டி ஒன்று எடுக்கிறோம். 2 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 36 மாதம் என்றால் தவணை 6,453 ரூபாய். வருடத்துக்கு 77,000-க்கு மேல். வாடகை பைக் ஒரு நாளைக்கு 1,200 என்றாலும், 20 நாள் எடுத்தால் 24,000-தான். தவணை முடிந்தால் வண்டி சொத்தாக நிற்கும் என்று சொல்லலாம். நிற்கும், ஆனால் வாங்கிய விலையில் நிற்காது. வருடத்தில் 20 நாளுக்குக் கீழ் ஓட்டப் போகிறவர் வாடகைக்கு எடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. ஆசைக்கு வாங்குகிறேன் என்றால் அது வேறு; ஆசைக்குக் கணக்கு கேட்க யாருக்கும் உரிமையில்லை. கணக்குப்படிதான் வாங்குகிறேன் என்று வீட்டில் சொல்லாமல் இருந்தால் சரி.

பெரிய வண்டி எடுப்பது என்று முடிவாகிவிட்டால் 350 சிசி என்ற கோட்டைக் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40 சதவீதம். புது வண்டிக்கு ஐந்து வருடத் தேர்ட் பார்ட்டியை முதலிலேயே கட்டியாக வேண்டும். 150-க்கு மேல் 350 வரை 7,365 ரூபாய், 350-க்கு மேல் 15,117 ரூபாய், இரண்டுக்கும் ஜிஎஸ்டி தனி. ராயல் என்ஃபீல்டின் 349 சிசி கிளாசிக்குக்கும் 452 சிசி ஹிமாலயனுக்கும் இன்சூரன்ஸில் மட்டும் 9,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வருகிறது. அதுவும் எப்போதாவது வெளியே எடுக்கப்போகிற வண்டிக்கு.

இன்சூரன்ஸில் பலர் வீணாகக் கட்டுகிற ஒன்றும் இருக்கிறது. உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு ஆளுக்கு ஒன்று போதும், வண்டிக்கு ஒன்று தேவையில்லை. ஒரு வண்டியில் அது இருந்தால், இரண்டாவது வண்டிக்கு பாலிசி போடும்போது ஏற்கெனவே இருக்கிறது என்று குறிப்பிட்டு எடுத்துவிடச் சொல்லலாம். ஆன்லைனில் அந்தக் கட்டம் தானாகவே டிக் ஆகி நிற்கும், பார்த்து எடுக்க வேண்டும். இழப்பீடு கேட்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் கழிவான நோ கிளைம் போனஸ் இதற்கு நேர்மாறு, வண்டிக்கு வண்டி தனித்தனி. ஓரமாக நிற்கிற வண்டிதானே என்று அதன் பாலிசியைப் புதுப்பிக்காமல் 90 நாள் தாண்டவிட்டால், சேர்ந்திருந்த 50 சதவீத போனஸும் பூஜ்யமாகிவிடும். தெருவில் நிறுத்தினாலே அது பொது இடம்தான் என்பதால், ஓட்டாத வண்டிக்கு எதற்கு இன்சூரன்ஸ் என்ற கேள்வியும் செல்லாது.

இனி நிற்கிற வண்டிக்கு வருவோம். ஒரு பைக் அசையாமல் நின்றால் முதலில் சாவது பேட்டரி. இப்போதைய எஃப்ஐ (பெட்ரோலைப் பீய்ச்சித் தருகிற ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஈசியு என்கிற கணினி, மீட்டர் கடிகாரம் எல்லாம் சேர்ந்து சில மில்லி ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருக்கும். 3 மில்லி ஆம்பியர் என்றாலும் ஒரு நாளைக்கு 72 மில்லி ஆம்பியர் அவர், மாதத்துக்கு 2 ஆம்பியர் அவருக்கு மேல். கிளாசிக் 350-இல் இருப்பது 8 ஆம்பியர் அவர் பேட்டரி. வெயிலில் பேட்டரி தானாக இறங்குவதையும் சேர்த்தால் இரண்டு மாதத்தில் பாதிக்குக் கீழே போய்விடும். ஜிபிஎஸ் டிராக்கர் மாட்டிய வண்டி என்றால் வாரக் கணக்குதான். 20 மில்லி ஆம்பியர் இழுக்கிற டிராக்கர் எட்டே நாளில் பாதியைக் குடித்துவிடும்.

மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நின்று சில மணி நேரம் கழித்து 12.7 வோல்ட் காட்டினால் பேட்டரி முழுசாக இருக்கிறது. 12.4-க்குக் கீழே இறங்கி அப்படியே கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. 12.0 என்றால் புதுசுக்கு விலை விசாரிக்கலாம். மூன்று வாரத்துக்கு மேல் எடுக்க மாட்டோம் என்று தெரிந்தால் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுவது போதும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவை முதலில் தொட்டால், ஸ்பேனர் ஃப்ரேமில் பட்டதும் நேராக ஷார்ட்தான். கார் பேட்டரிக்கான பெரிய சார்ஜரை இதில் மாட்டாதீர்கள். 1 ஆம்பியருக்குள் கொடுத்து, நிறைந்ததும் தானே குறைத்துக்கொள்கிற சார்ஜர் வேண்டும்.

பழைய கார்ப்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற பாகம்) வண்டிக்குப் பேட்டரி செத்தாலும் கிக்கர் இருக்கிறது. எஃப்ஐ வண்டியில் பெட்ரோல் பம்புக்கே மின்சாரம் வேண்டும். சுத்தமாகச் செத்த பேட்டரியோடு நாலு பேர் சேர்ந்து தள்ளினாலும் வியர்ப்பதுதான் மிச்சம். இரண்டில் ஒன்றை அதிகம் நிறுத்தியாக வேண்டும் என்றால் கிக்கர் இருப்பதை நிறுத்துங்கள்.

கார்ப்பரேட்டருக்கு வேறு நோய். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், பெட்ரோல் குழாய் உறிஞ்சுவதும் அங்கிருந்துதான். கார்ப்பரேட்டரின் அடிக்கிண்ணத்தில் நிற்கிற கொஞ்சம் பெட்ரோல் ஆவியாகி, பிசின் மாதிரி படிந்து, ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடுகிற துளையான ஸ்லோ ஜெட்டை அடைக்கும். அந்தத் துளை அவ்வளவு சின்னது. சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் அணைகிறது, ஐடிலிங் நிற்கவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், அங்கேதான் அடைப்பு. கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி மைலேஜ் போய்விடும். கிளீனர் ஸ்பிரேயும் காற்றும்தான் வழி. இதைத் தவிர்ப்பது எளிது: இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, வண்டி தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். பிறகு கார்ப்பரேட்டரின் அடியில் இருக்கிற டிரெயின் ஸ்குரூவைத் திறந்து மிச்சத்தையும் வடித்துவிடுங்கள்.

டேப்பை மூடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோல் வரவை அடைக்கிற ஃப்ளோட் ஊசி அழுக்கில் சிக்கித் திறந்தே நின்றால் டேங்க் பெட்ரோல் மெல்ல இறங்கி இன்ஜின் ஆயிலோடு கலந்துவிடும். நீண்ட நாள் நின்ற வண்டியை உதைப்பதற்கு முன் ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயில் மட்டம் முன்பைவிட ஏறியிருந்தாலோ ஸ்டார்ட் செய்யாமல் ஆயிலை மாற்ற வேண்டும். நீர்த்த ஆயிலில் ஓட்டினால் கேம் ஷாஃப்டிலும் பேரிங்கிலும் தேய்மானம்.

1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்எக்ஸ்100 போன்ற டூ ஸ்ட்ரோக்கை இரண்டாவது வண்டியாக வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லைகள் எல்லாம் இரட்டிப்பு. அந்தக் காலத்து ரப்பர் எத்தனாலை மனத்தில் வைத்துச் செய்ததல்ல. பெட்ரோல் டியூப், ஃப்ளோட் கிண்ண கேஸ்கட் எல்லாம் ஊறிப் பெருத்துக் கசியும். மாதக்கணக்கில் நின்றால் கிராங்க் ஆயில் சீல் காய்ந்து இறுகிவிடும். சைலன்சரில் வெள்ளைப் புகை தள்ளி, கியர் ஆயில் மட்டும் குறைந்துகொண்டே போனால் வலப்பக்க சீல் போயிருக்கிறது. இன்ஜினுக்குத் தானாக ஆயில் விடுகிற ஆட்டோலூப்பின் டேங்கில் 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் தீர்ந்து குழாயில் காற்று புகுந்திருந்தால், பம்பின் பிளீட் ஸ்குரூவைத் திறந்து, குமிழி இல்லாமல் ஆயில் வரும் வரை வடிக்காமல் ஓட்டக் கூடாது. ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆர்எக்ஸுக்கு இன்று கேட்கிற விலையில் ரீபோர் (சிலிண்டரைக் கடைவது) செலவையும் சேர்த்துக்கொண்டு பேரம் பேசுவது நல்லது. 15 வயது தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்கவும் பசுமை வரி கட்டவும் ஆர்டிஓ ஆபீஸுக்கு நடக்க வேண்டும்.

எஃப்ஐ வண்டியில் டேங்கை வடிக்கத் தேவையில்லை. வாய் வரை நிரப்பி நிறுத்தினால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் குறையும், இரும்பு டேங்க் துருப்பிடிப்பதும் குறையும். இரண்டு மூன்று மாதத்துக்குள் அந்தப் பெட்ரோலைத் தீர்த்துப் புதிதாக நிரப்புங்கள். மழைக்காலத்துக்கு முன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள், விளிம்பில் ஒரு சின்ன வடிகால் துளை இருக்கும். அதில் தூசி அடைத்திருந்தால் மூடியைச் சுற்றித் தேங்குகிற மழைநீர் டேங்குக்குள்ளேயே இறங்கும். ஐப்பசி மழையில் நின்ற வண்டி கார்த்திகையில் இருமுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பதைப் பராமரிப்பு என்று நினைக்கிறவர்கள் ஏராளம். அது நன்மையைவிடத் தீமை. ஒரு ஸ்டார்ட்டுக்கு செல்ஃப் மோட்டார் எடுத்த கரண்ட்டை ஐடிலிங்கில் திருப்பி நிரப்ப முடியாது. எரிந்ததில் வரும் நீராவி சைலன்சருக்குள்ளும் கிராங்க் கேஸுக்குள்ளும் தண்ணீராகத் தங்கி, சைலன்சரை உள்ளிருந்து அரிக்கும். பத்து நாளைக்கு ஒருமுறை 15, 20 கி.மீ. ஓட்டி, ஆயில் நன்றாகச் சூடேறி ஈரம் ஆவியாகும்படி செய்வதுதான் பலன் தரும். அதற்கு நேரம் இல்லை என்றால் இரண்டாவது வண்டிக்கும் நேரம் இல்லை என்று பொருள்.

ஓடவில்லை என்பதற்காக ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இரண்டு வண்டிக்கும் ஒரே கேனிலிருந்து ஊற்றுவதும் வேண்டாம். ஸ்ப்ளெண்டருக்கு 10டபிள்யூ-30, கிளாசிக்குக்கு 15டபிள்யூ-50. இரண்டிலும் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே ஓடுவதால் டப்பாவில் ஜேஏஎஸ்ஓ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். கார் ஆயில் மிச்சமிருக்கிறதே என்று ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். பிரேக் ஆயில் டாட் 4 இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அதுவும் ஈரத்தை இழுப்பதால் கொதிநிலை 230 டிகிரியிலிருந்து 155 வரை இறங்கிவிடும். அப்படிப்பட்ட ஆயிலோடு கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் லீவர் கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொள்ளும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் வருடம் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமலே ஐந்தாறு வருடத்தில் ரப்பர் இறுகிவிடும். குறைவாக ஓடுகிற வண்டியில் எல்லோரும் ஏமாறுவது இங்கேதான், டயர் புதுசு மாதிரியே தெரியும், மழையில் வழுக்கும். நிறுத்தும்போது சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். இல்லாத வண்டிக்குக் காற்றை 3, 4 பிஎஸ்ஐ கூட வைத்து, அவ்வப்போது அரை அடி நகர்த்தினால் ஒரே இடம் தட்டையாகாது.

கவர் போட்டு மூடுவதிலும் ஒரு சங்கதி. காற்றுப் புகாத வெள்ளிநிற பிளாஸ்டிக் கவர் தரையிலிருந்து எழும்புகிற ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். சென்னை, கடலூர், தூத்துக்குடி பக்கத்து உப்புக்காற்றில் ஸ்போக்கும் ரிம்மும் பொரிந்துவிடும். கூரை இருந்தால் பழைய பருத்திப் புடவை அதைவிட நல்லது. எலி, காற்று ஃபில்டர் பெட்டிக்குள் துணியும் பஞ்சுமாகக் கூடு வைக்கும், சீட்டுக்கடியில் வயரைக் கடிக்கும். குளவி, சைலன்சர் வாயில் மண் வைக்கும். சைலன்சரைத் துணியால் அடைத்தால், சாவித் துவாரத்தின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் மறந்துபோய் ஸ்டார்ட் செய்து பார்த்துக்கொண்டே இருப்பீர்கள்.

வண்டியைப் பற்றி இவ்வளவு. ஓட்டுகிற ஆளுக்கும் ஒரு சிக்கல் உண்டு. ஸ்ப்ளெண்டரில் எல்லா கியரும் முன்பாதத்தால் கீழே மிதித்து ஏற்றுவது. கிளாசிக்கில் முதல் கியர் மட்டும் கீழே, மற்ற நாலும் மேலே. ஒரே மிதி ஒன்றில் கியரை ஏற்றும், இன்னொன்றில் இறக்கும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாற்றி ஓட்டுகிறவருக்குக் கால் சாதாரண நேரத்தில் பழகிவிடும். பதற்றத்தில்தான் தடுமாறும்: மூன்றாவதில் போகும்போது ஏற்றுவதாக நினைத்து இரண்டாவதுக்கு மிதித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு ஆடும். வலப்பக்கம் கியரும் இடப்பக்கம் பிரேக்கும் இருந்த பழைய புல்லட்டோடு புது வண்டி ஒன்றைச் சேர்த்து வைத்திருப்பவருக்கு இது இன்னும் மோசம். பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார். பிரேக் பிடிக்கும் தூரமும் வேறு. ஏபிஎஸ் டிஸ்க்குக்குப் பழகிய கை, டிரம் பிரேக் வண்டியில் அதே இடைவெளியில் நிற்கும் என்று நம்பிவிடும். வண்டி மாற்றும் நாளில் முதல் ஒரு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி, இரண்டு முறை வேண்டுமென்றே பிரேக் பிடித்துப் பார்ப்பது வீண் வேலையல்ல.

வீட்டில் சும்மா நிற்கிற வண்டிக்கு இரவல் கேட்க ஆள் வரும். ‘மாமா, பைக் சும்மாதானே நிக்குது, சாவி குடுங்க.’ லைசென்ஸ் இல்லாதவருக்குக் கொடுத்தால் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம். விபத்து நடந்தால், அடிபட்டவருக்குக் கொடுத்த தொகையை இன்சூரன்ஸ் கம்பெனி உங்களிடம் வசூலிக்கலாம். 18 வயது ஆகாத பையன் ஓட்டினால் 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை, 12 மாதத்துக்கு ஆர்சி ரத்து. மேலே சொன்ன 15 லட்சம் உரிமையாளர் ஓட்டும்போது மட்டும்தான், மருமகன் ஓட்டும்போது செல்லாது. அவர் சிக்னல் தாண்டினால் இ-சலான் வருவது உங்கள் போனுக்கு.

எந்த ஜோடி நன்றாக அமையும் என்று கேட்டால், வேலை ஒன்றோடொன்று மோதாத ஜோடி. 100 சிசி கம்யூட்டரும் 350 சிசியும் அமையும். வீட்டில் மற்றவர்களும் ஓட்டுகிற ஸ்கூட்டரும் ஒரு பைக்கும் அதைவிட நன்றாக அமையும், ஏனென்றால் இரண்டும் தினம் அசையும். கிராமத்தில் எக்ஸ்எல் 100-இல் புல்லுக்கட்டும் உர மூட்டையும், பைக்கில் டவுனுக்கும் என்பதை மிஞ்ச ஒரு ஜோடியும் இல்லை. கிளாசிக் 350-யும் மீட்டியோர் 350-யும் ஒரே வீட்டில் எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஒரே இன்ஜின், ஒரே சத்தம், இரண்டு இன்சூரன்ஸ். மூன்றாவது பைக் என்ற பேச்சு வந்தால், பத்து நாளைக்கு ஒருமுறை 20 கி.மீ. என்ற விதியை மூன்றுக்கும் போட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகள் தீர்ந்துவிடும்.

கடைசி மூன்று மாதத்தில் ஒரு வண்டி 100 கி.மீ. கூட ஓடவில்லை என்றால் விற்றுவிடுவது நல்லது, டயரும் பேட்டரியும் உயிரோடு இருக்கும்போதே. வாங்குகிறவரிடம் சாவி கொடுத்ததோடு விடாதீர்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து, ஆர்சி பெயர் மாறிவிட்டதா என்று எம்பரிவாகன் செயலியில் நீங்களே பாருங்கள். பெயர் மாறும் வரை அந்த வண்டி செய்கிற எதுவும் உங்கள் கணக்குதான். ஓன் டேமேஜ் (நம் வண்டியின் சேதத்துக்கான) பாலிசி இருந்தால் நோ கிளைம் போனஸுக்கான கடிதத்தை இன்சூரன்ஸ் கம்பெனியில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்துக்குள் உங்கள் பெயரில் எடுக்கிற அடுத்த பைக்குக்கு அதைக் காட்டிக் கழிவு பெறலாம்.